வானம் பார்த்த பூமியில் மிஷனரியின் வாரம்

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் போகும் வழியில் இருக்கும் பாலவனத்தத்தைத் தமிழுலகம் பாண்டித்துரைத் தேவரின் ஜமீனாக அறியும். 1901-ல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் கண்டவர் அவர். அந்த ஊரைத் தாண்டினால் அருப்புக்கோட்டை, திருச்சுழி, மண்டபசாலை, கமுதி என்று மானாவாரிக் காடு விரிந்துகொண்டே போகும். கண்மாய் பெருகினால் நெல். பெருகாவிட்டால் கம்பும் சோளமும் பருத்தியும்தான். குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாட்களை விரல் விட்டு எண்ணலாம்.

இந்தச் சீமைக்கும் இதைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்நிய நாட்டு ஊழியக்காரர்கள் வந்துபோயிருக்கிறார்கள். போர்ச்சுகலிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் இயேசு சபைத் துறவிகள் வந்தார்கள். பாஸ்டனிலிருந்து அமெரிக்கன் மிஷன் வந்தது. இன்று உலகின் பல நகரங்களில் வெள்ளைச் சட்டையும் பெயர்ப்பட்டையுமாக இருவர் இருவராக நடக்கும் மார்மன் இளைஞர்கள், அதே வரிசையில் வந்த இன்னொரு வகையினர். இவர்களைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் ஆண்டுக் கணக்கிலும் தலைக் கணக்கிலும் எழுதப்பட்டவை. எந்த ஆண்டில் எத்தனை ஆலயம் கட்டினார்கள், எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்று ஆதரவாளர்கள் பெருமையோடு எண்ணுகிறார்கள். எதிர்ப்பவர்களும் அதே கணக்கைத்தான் கோபத்தோடு எண்ணுகிறார்கள்.

இந்தக் கட்டுரை வேறோர் அளவை எடுத்துக்கொள்கிறது: ஒரு வாரம். அந்நியர் ஒருவர் திங்கள் முதல் ஞாயிறு வரை இங்கே என்ன செய்தார்? அவருக்காக யார் நடந்தார்கள், யார் பேசினார்கள், யார் எழுத்தறிவித்தார்கள்? அப்படிப் பார்க்கும்போது இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. மிஷனரியின் வாரத்தைச் சுமந்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள். அந்த வாரத்தில் இந்த மண் ஆழமாக ஏற்றுக்கொண்டது அதன் ஒழுங்கை. மதத்தை மறுத்தவர்களும் அந்த ஒழுங்கை எடுத்துக்கொண்டார்கள்.

பண்டாரசாமிகளின் காலம்

1606-ல் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்ததிலிருந்து இந்தக் கதை தொடங்குகிறது. பரங்கி என்ற பேர் வந்தால் எந்தக் கதவும் திறக்காது என்று கண்ட அவர், காவி உடுத்தி, புலால் விட்டு, தமிழும் சமஸ்கிருதமும் கற்றுத் துறவியாக வாழ்ந்தார். உயர்சாதியாரிடம் மட்டுமே பழகும் அந்த முறையின் குறை சீக்கிரமே தெரிந்தது. எல்லாச் சாதியாரிடமும் போய்வரக்கூடிய பண்டாரசாமிகள் என்ற இன்னொரு வகையினர் உருவானார்கள். இராமநாதபுரம் மறவர் சீமையில் நடந்தவர்கள் இவர்கள்தாம். அவர்களில் ஒருவர் 1647-ல் லிஸ்பனில் பிறந்த ஜான் தெ பிரிட்டோ. தமிழ் மக்கள் அவரை அருளானந்தர் என்று அழைக்கிறார்கள்.

பண்டாரசாமிக்கு நிலையான வாரம் கிடையாது. ஓர் ஊரில் சில நாட்கள் தங்குவார். சுற்றுவட்டத்து விசுவாசிகள் அங்கே வந்து கூடுவார்கள். பாவசங்கீர்த்தனம் கேட்பது, திருப்பலி, ஞானஸ்நானம், வழக்குத் தீர்ப்பு என்று பகலும் இரவும் போகும். பிறகு அடுத்த ஊர். அவர் திரும்பி வரப் பல மாதங்கள் ஆகும். அந்த இடைவெளி முழுவதும் ஊரில் செபம் நின்றுவிடாமல் காத்தவர்கள் உபதேசியார்கள். பிள்ளைகளுக்கு மந்திரங்களைக் கற்றுக்கொடுத்தவர்களும், சாகக்கிடப்பவருக்கு அவசர ஞானஸ்நானம் கொடுத்தவர்களும், ஞாயிற்றுக்கிழமை சனங்களைக் கூட்டியவர்களும் அவர்களே. 1686-ல் பிரிட்டோ மறவர் சீமையில் பிடிபட்டபோது அவரோடு உபதேசியார்களும் சேர்ந்தே அடிபட்டார்கள். 1693 பிப்ரவரி 4-ல் ஓரியூரில் அவர் வெட்டுண்டதை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. 1947-ல் அவருக்குப் புனிதர் பட்டமும் கிடைத்தது. அவரோடு அடிபட்டவர்களின் பெயர்களை நம் பாடநூல் எதிலும் பார்க்க முடியாது.

தெற்கே கோவில்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டியும் இயேசு சபையின் பழைய மையம். தேம்பாவணியும் சதுரகராதியும் தந்த வீரமாமுனிவர் அங்கே பணியாற்றியிருக்கிறார். ஊர் ஊராக அலைந்த வாழ்க்கைக்கு நடுவே காப்பியமும் அகராதியும் எழுத முடிந்ததற்கு ஒரு காரணம், இத்துறவிகள் திரும்பிப் போகும் எண்ணத்தோடு வராததுதான். சாகும்வரை இங்கேதான் என்று வந்தவருக்கு மொழியில் மூழ்கக் காலம் இருந்தது.

பங்களாவின் ஏழு நாட்கள்

பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் அமைப்பு 1816 முதல் யாழ்ப்பாணத்தில் வேலை செய்துவந்தது. 1834-ல் அங்கிருந்து ஹோய்சிங்டன், டாட் என்ற இரு மிஷனரிகள் யாழ்ப்பாணத் தமிழ் உதவியாளர்களோடு மதுரைக்கு வந்தார்கள். அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் திண்டுக்கல், திருமங்கலம், பசுமலை, பெரியகுளம், வத்தலக்குண்டு, மண்டபசாலை, மேலூர், மானாமதுரை, பழனி என மதுரைச் சீமை முழுவதும் மிஷன் நிலையங்கள் பரவின. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக்கு நெருங்கிய நிலையம் மண்டபசாலை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஹோரஸ் டெய்லர் அங்கே நெடுங்காலம் இருந்தார்.

நிலையம் என்பது ஒரு பங்களா, ஓர் ஆலயம், பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதிப் பள்ளி, மருந்து கொடுக்கும் திண்ணை, இவற்றைச் சுற்றிப் பல மைல் தூரத்துக்குச் சிதறிக் கிடந்த சிற்றூர்ச் சபைகள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனையும் பிரசங்கமும். பிற்பகலில் பிள்ளைகளின் ஓய்வுநாள் பள்ளி. வார நாட்களில் ஊர்ப் பள்ளிகளைப் பார்வையிட்டுப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்பது, கணக்கு எழுதுவது, பாஸ்டனுக்குக் கடிதமும் அறிக்கையும் அனுப்புவது, வாசலில் வந்து நிற்பவர்களின் நிலத் தகராறையும் வீட்டுச் சண்டையையும் கேட்பது. பெண்பிள்ளைகளின் விடுதிப் பள்ளியை மிஷனரியின் மனைவி நடத்துவார். அவருடைய உழைப்பு அறிக்கையில் கணவரின் பெயருக்குக் கீழே அடங்கிவிடும்.

பயணம் மாட்டுவண்டியில்தான். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இரயில் 1870களில் விருதுநகர் வழியாகப் போய்விட்டது. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இருப்புப்பாதை வந்தது 1960களில். பகல் வெயிலுக்குப் பயந்து இரவில் வண்டி கட்டுவார்கள். ஆண்டில் சில வாரங்கள் கூடாரப் பயணம் இருக்கும். உபதேசியார்கள் குழுவாகச் சேர்ந்து, ஓரிடத்தில் கூடாரம் அடித்து, சுற்றிலுமுள்ள ஊர்களுக்கு இருவர் மூவராகப் போய்ப் பாட்டுப் பாடி, பேசி, சிறு புத்தகங்களை விற்று வருவார்கள். வெறும் பிரசங்கத்துக்குக் கூட்டம் நிற்காது, பாட்டுக்கு நிற்கும் என்பதை அமெரிக்கர்களும் கற்றுக்கொண்டார்கள். திண்டுக்கல் மிஷனரி எட்வர்டு வெப், தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் துணையோடு தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து 1853-ல் வெளியிட்டார். ஆங்கிலப் பாமாலை மெட்டுகள் ஆண்டுகொண்டிருந்த சபைகளில் ராக தாளம் அதன் வழியாக வலுவாக நுழைந்தது.

இந்த வாரத்துக்கு வெளியே ஒரு மலையும் இருந்தது. காலராவுக்கும் காய்ச்சலுக்கும் மனைவி மக்களைப் பறிகொடுத்த மதுரை மிஷனரிகள் 1845-ல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். கோடையில் அந்நியர் மலையேறினார். உபதேசியார் வெயிலிலேயே இருந்தார். இதைக் குறையாகச் சொல்லும்போது, மலைவீடு வருவதற்கு முன் கீழே புதைக்கப்பட்ட சின்னஞ்சிறு பிள்ளைகளையும் நினைக்க வேண்டும். ஆனாலும் ஒரே ஊழியத்தில் இருவருக்கு இருவேறு கோடைகள் இருந்தன என்பது உண்மை.

நடந்தவர்கள்

மிஷன் அறிக்கைகளில் ஒரே ஒரு வார்த்தையில் அடங்கிப்போகிறவர் உதவியாளர். அந்த வார்த்தைக்குள் உபதேசியார், பள்ளி ஆசிரியர், புத்தகம் விற்பவர், வேதாகமப் பெண் எல்லோரும் இருக்கிறார்கள். உபதேசியாருக்குப் பெரும்பாலும் இரண்டு வேலை. பகலில் திண்ணைப் பள்ளியிலோ கூரைப் பள்ளியிலோ பிள்ளைகளுக்கு அ, ஆ. மாலையில் தெருவில் செபமும் வேதபாடமும். மாதம் ஒருமுறை நிலையத்துக்கு நடந்து வந்து சம்பளம் வாங்கி, நடந்ததைச் சொல்லி, அடுத்த மாதத்துக்கான பாடத்தைக் கற்றுக்கொண்டு திரும்புவார். அவர்களைத் தயார் செய்யத் திருமங்கலத்தில் 1842-ல் தொடங்கிய செமினரி 1845-ல் பசுமலைக்கு மாறியது.

வேதாகமப் பெண்களின் கதை இன்னும் குறைவாகப் பேசப்பட்டது. வெளி ஆண்களோடு பேசாத வீட்டுப் பெண்களிடம் போனவர்கள் அவர்கள். ஒரு வாரத்தில் குறித்த வீடுகளுக்குக் குறித்த நாளில் போவார்கள். அடுப்படித் திண்ணையில் உட்கார்ந்து எழுத்துக் கற்றுக்கொடுப்பார்கள். அடுத்த வாரம் அதே நாளில் போய் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். மதுரையில் சாரா கேப்ரன் இந்த வேலையை ஒழுங்குபடுத்தினார். 1892-ல் ஈவா ஸ்விஃப்ட் இவர்களுக்கென்று லூசி பெர்ரி நோபிள் பள்ளியைத் தொடங்கினார். இவர்களிடம் எழுத்துக் கற்ற பெண்களில் மிகப் பெரும்பாலோர் மதம் மாறவில்லை. தலைக் கணக்கில் இது தோல்வி. பெண்ணொருத்தி முதன்முதலாகத் தன் பெயரைத் தானே எழுதிப் பார்த்தாள் என்ற கணக்கில் இதைவிடப் பெரிய வேலை அந்தச் சீமையில் அப்போது நடந்திருக்க முடியாது என்றே நான் நம்புகிறேன்.

பஞ்சமும் சாதியும்

மழை பொய்த்தால் வாரமே சிதறிவிடும். 1876 முதல் 1878 வரையிலான தாது வருடப் பஞ்சத்தில் மதராஸ் மாகாணத்தின் வறண்ட மாவட்டங்கள் சூறையாடப்பட்டன. பிரசங்கம் நின்று கஞ்சித்தொட்டி முதன்மையானது. அநாதைப் பிள்ளைகள் விடுதிகளை நிரப்பினார்கள். பக்கத்துத் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் இந்த ஆண்டுகளில் சபைகளில் சேர்ந்தார்கள். கஞ்சிக்காக மாறினார்கள் என்று இதை ஒரு வரியில் தள்ளிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பசித்தவன் எங்கே போனான் என்று கேட்கிறவர்கள், அவன் போகக்கூடிய வேறு எந்த வாசல் அன்று திறந்திருந்தது என்பதையும் கேட்க வேண்டும். ஒடுக்கப்பட்ட தெருவிலிருந்து வந்தவருக்குக் கஞ்சியோடு, தன் பிள்ளை பலகையைத் தொடலாம், தன் வழக்கை யாராவது காதுகொடுத்துக் கேட்பார் என்ற உறுதியும் கிடைத்தது. பஞ்சம் தீர்ந்த பிறகும் பலர் சபையில் நிலைத்ததற்கு இது ஒரு காரணம்.

அதே நேரம் சாதி ஆலயத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்தது. 1847-ல் மதுரை மிஷன் சாதியை விட்டவரே சபையில் இருக்கலாம் என்று கண்டிப்பாக நின்று, எல்லாரும் சேர்ந்து உண்ண வேண்டும் என்றது. உபதேசியார்கள் பலர் விலகினார்கள் அல்லது விலக்கப்பட்டார்கள். தன் கைகால்களாக இருந்தவர்களையே இழந்தும் மிஷன் அதில் உறுதி காட்டியது. ஆனால் சட்டத்தால் பந்தியில் உட்கார வைக்க முடிந்ததே தவிர, சம்பந்தம் செய்ய வைக்க முடியவில்லை. தெருவாரியாகச் சபை கூடும் நிலை இன்றுவரை பல இடங்களில் தொடர்கிறது. மிஷனின் வரலாற்றை நேர்மையாகச் சொல்ல விரும்பும் யாரும் இதை மூடிமறைக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமைப் பிரசங்கம்

ஏழு நாள் வாரம் நமக்குப் புதிதல்ல. வாரச்சந்தையும் கிழமை விரதமும் மிஷன் வருவதற்கு வெகு முன்பே இருந்தன. புதிதாக வந்தது என்னவென்றால், வாரந்தோறும் ஒரே நாளில் ஊர்ச் சனங்கள் எல்லோரும் கூடி, ஒருவர் நின்று உரைநடையில் விளக்கிப் பேசுவதைக் கேட்பது. மணியடித்துத் தொடங்கி மணியடித்து முடியும் பள்ளி. கையில் எடுத்துப்போக அச்சிட்ட சிறு புத்தகம்.

இதன் பலத்தை மிக நெருங்கி நின்று பார்த்தவர் ஆறுமுக நாவலர். யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனரி பீட்டர் பெர்சிவலோடு வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்தவர் அவர். 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். அது வெள்ளிதோறும் தொடர்ந்தது. அடுத்த ஆண்டே சைவப்பிரகாச வித்தியாசாலை பிறந்தது. பிறகு அச்சகமும் வந்தது. மிஷனின் மூன்று கருவிகளும் சைவத்தின் கைக்கு வந்துவிட்டன.

அந்த நாவலருக்கும் பாலவனத்தத்துக்கும் உறவு உண்டு. நாவலர் பரிமேலழகர் உரையோடு திருக்குறளையும் திருக்கோவையாரையும் பதிப்பிக்கப் பொருள் தந்து தாங்கியவர் இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவர். பாண்டித்துரைத் தேவரின் தந்தை. யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து வந்த இரண்டு ஓட்டங்கள், மதுரை அமெரிக்கன் மிஷனும் நாவலரின் சைவ மறுமலர்ச்சியும், இந்த ஒரே சீமையில் வந்து சேர்ந்தன. தந்தை ஏடுகளை அச்சேற்ற உதவினார். மகன் சங்கம், பாடசாலை, நூல்நிலையம், செந்தமிழ் இதழ் என்று தமிழுக்கே ஒரு நிறுவனம் அமைத்தார். தமிழ்ச் சங்கத்தை மிஷனுக்கு எதிர்வினை என்று சுருக்குவது தவறு. அதன் வேர் அரசவைப் புலமையில் இருக்கிறது. ஆனால் அது எடுத்துக்கொண்ட வடிவத்தில் பள்ளி, அச்சு, கூட்டம் மூன்றும் இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதே ஒழுங்கு வேறு கைகளுக்கும் போனது. விருதுநகர் நாடார்கள் மகமைப் பணத்தில் 1889-ல் க்ஷத்திரிய வித்தியாசாலையை நிறுவினார்கள். அருப்புக்கோட்டையிலும் அவர்களின் பள்ளிகள் எழுந்தன. திருச்சுழியில் 1879-ல் பிறந்த வெங்கட்ராமன், தந்தையை இழந்தபின் மதுரைக்குப் போய் ஸ்காட் நடுநிலைப் பள்ளியிலும் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் படித்தார். 1896-ல் அந்தப் படிப்பை விட்டுவிட்டுத் திருவண்ணாமலைக்குப் போய் ரமண மகரிஷியானார். மிஷன் பள்ளி அவரைக் கிறிஸ்தவராக்கவில்லை. அவரைப் போன்ற ஆயிரக்கணக்கானோரையும் ஆக்கவில்லை. பள்ளி வாசலை எல்லோருக்கும் திறந்துவைத்தவர்கள் அந்த விளைவையும் ஏற்றுக்கொண்டார்கள்.

ஆறரை மணி முதல் பத்தரை மணி வரை

இப்போது மார்மன் இளைஞரின் வாரத்துக்கு வருவோம். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது அதன் முழுப் பெயர்; 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. இந்தியாவுக்கு அது சீக்கிரமே வந்தது. ரிச்சர்டு பாலன்டைன் என்ற மார்மன் ஊழியர் 1853 முதல் 1854 வரை சென்னையில் வேலை செய்தார். பெரும்பாலும் ஆங்கிலேயர்களிடமே பேசிய அவருடைய முயற்சி நிலைக்கவில்லை. அதே 1853-ல் வெப்பின் கீர்த்தனைத் தொகுப்பு வெளிவந்தது. ஒருவர் தமிழுக்குள் இறங்கினார், மற்றவர் அதன் கரையிலேயே நின்றுவிட்டார். நூறாண்டு கழித்துக் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் அந்தச் சபையின் துண்டுப் பிரசுரத்தைப் படித்துத் தாமே கடிதம் எழுதி, 1960களில் சேர்ந்தார். பெங்களூரு மிஷன் 1993-ல் அமைந்தது. 2018-ல் பெங்களூருவுக்கு ஓர் ஆலயம் அறிவிக்கப்பட்டது.

ஆண்கள் இரண்டு ஆண்டு, பெண்கள் ஒன்றரை ஆண்டு ஊழியம் செய்கிறார்கள். ஆண்கள் பதினெட்டு வயதிலேயே புறப்படலாம். எந்த நாடு என்பதைச் சபை தீர்மானிக்கிறது. செலவைப் பெரும்பாலும் அவரும் குடும்பத்தாருமே ஏற்கிறார்கள். காலை ஆறரைக்கு எழுந்து, இரவு பத்தரைக்குள் படுக்க வேண்டும். காலையில் வேதபாடமும் மொழிப் பயிற்சியும். பிறகு வீடு வீடாக, தெருத் தெருவாக, சந்திக்க இசைந்தவர்களிடம் பாடம். எந்நேரமும் துணையாள் ஒருவர் கூட இருக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள், வழக்கமாகத் திங்கள், துணி துவைக்க, கடைக்குப் போக, வீட்டுக்கு எழுத. முன்பு ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் வீட்டுக்குத் தொலைபேச அனுமதி இருந்தது; 2019 முதல் வாரந்தோறும் பேசலாம். சில வாரங்களுக்கு ஒருமுறை இடமாற்றமும் துணையாள் மாற்றமும் நடக்கும்.

இந்த வாரம் மண்டபசாலை வாரத்தைவிடக் கடுமையானது. மலைவீடு கிடையாது, வேலையாள் கிடையாது, பங்களா கிடையாது. பத்தொன்பது வயதுப் பிள்ளை வேற்று மொழியில் நாள் முழுவதும் மறுப்பைக் கேட்டுக்கொண்டு நடப்பது எளிதல்ல. அந்த உறுதியை மதிக்கிறேன். ஆனால் இரண்டு ஆண்டில் திரும்பப் போகிறவர் ஓர் ஊரின் மழையையும் பஞ்சத்தையும் முழுதாகப் பார்ப்பதில்லை. அவர் கற்ற மொழி அவரோடு வீடு திரும்புகிறது. பழைய மிஷனில் ஊர் மாறியது. இந்த மிஷனில் பெரிதும் மாறுகிறவர் ஊழியக்காரரே. இன்று இந்தியாவில் அந்தச் சபையின் ஊழியர்களில் இந்தியப் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அந்நியருக்கு விசா கடினமாகிவிட்ட காலத்தில் அதன் வேலையும் உள்ளூர்க் கால்களுக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

யாருடைய வாரம்?

மூன்று முறைகளையும் சேர்த்துப் பார்த்தால் விளைவைத் தீர்மானித்தவை இரண்டு: எவ்வளவு காலம் தங்கினார்கள், யாரோடு சேர்ந்து உழைத்தார்கள். சாகும்வரை தங்கிய துறவிகள் தமிழுக்கு அகராதியும் காப்பியமும் தந்தார்கள். பல பத்தாண்டுகள் தங்கிய அமெரிக்கர்கள் பள்ளியும் மருத்துவமனையும் கல்லூரியும் தந்தார்கள். 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, மதுரை–இராமநாதபுரத்தின் முதல் பேராயராக லெஸ்லி நியூபிகின் வந்தபோது, அவர் கண்டது ஏற்கெனவே உள்ளூர் ஊழியர்களால் நடந்துகொண்டிருந்த சிற்றூர்ச் சபைகளை. 1951-ல் வெளியான அவருடைய தென்னிந்திய நாட்குறிப்பில் கிராமங்கள் நிறைந்திருக்கின்றன.

ஆனால் அதுவும் அந்நியர் எழுதிய குறிப்பே. பிரிட்டோவின் கடிதங்கள் ஐரோப்பாவில் பத்திரமாக இருக்கின்றன. அமெரிக்கன் போர்டின் ஆவணங்கள் அமெரிக்காவில் அட்டவணையோடு இருக்கின்றன. உபதேசியாரின் மாதக் குறிப்பு, வேதாகமப் பெண்ணின் வீட்டுப் பட்டியல், ஊர்ப் பள்ளியின் வருகைப் பதிவேடு, கைப்பிடி அரிசிக் காணிக்கை எழுதிய நோட்டு ஆகியவை எங்கே? சில சேகர அலுவலகங்களின் அலமாரிகளிலும், ஓய்வுபெற்ற ஆசிரியர் குடும்பங்களின் பெட்டிகளிலும் கரையானுக்குத் தப்பியவை இன்னும் இருக்கக்கூடும். திருமண்டலமும், மதுரையின் கல்லூரிகளும், ஊர் வரலாறு எழுதும் இளைஞர்களும் அவற்றைத் தேடி, படமெடுத்து, எல்லோரும் படிக்க வைக்க வேண்டும். பெயர்களைத் தொகுப்பதிலிருந்தே தொடங்கலாம்: எந்த ஊரில் எந்த உபதேசியார் எந்த ஆண்டுகளில் பள்ளி நடத்தினார், அவரிடம் படித்த முதல் பெண்பிள்ளை யார். கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய வேலையாக இதை ஒதுக்கிவிடக் கூடாது. அந்தப் பள்ளிகளில் உட்கார்ந்த பிள்ளைகளில் எல்லா மதத்தாரும் இருந்தார்கள். இந்த வறண்ட சீமை எழுத்தறிந்த வரலாற்றின் பாதிப் பக்கங்கள் அந்த நோட்டுகளில்தான் இருக்கின்றன.